நீராவி ரயில் விளையாட்டு: ரெகுலேட்டரைத் தொடுவதற்கு முன்

கணினியில் டீசல் ரயிலோ மின்சார ரயிலோ ஓட்டிப் பழகியவர்கள் நீராவி என்ஜினில் ஏறியதும் கொஞ்சம் திணறுவார்கள். டீசலில் கைப்பிடியை ஒரு படி தள்ளினால் சக்தி வரும், இழுத்தால் போகும். நீராவியில் கேட்டதும் கிடைக்காது. இப்போது செலவாகும் ஆவி, சில நிமிடங்களுக்கு முன் போட்ட கரியிலிருந்து வந்தது. இப்போது அள்ளிப் போடும் கரி, இனிமேல் வரப்போகும் ஏற்றத்துக்கானது. இந்தக் கால இடைவெளிதான் நீராவி விளையாட்டின் ருசி, சிரமம் இரண்டும்.

எந்த விசையை அழுத்துவது என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். அதை அமைப்புப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். அந்த விசைகளுக்குப் பின்னால் என்ஜினில் என்ன நடக்கிறது என்பது எல்லா விளையாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

உள்ளே நடப்பது

கேபினில் நின்றால் எதிரே தெரியும் இரும்புக் கதவுக்குள் உலை இருக்கிறது. அதற்கு முன்னால் நீண்ட உருளையாகக் கொதிகலன். உலையிலிருந்து கிளம்பும் சூடான வாயு, கொதிகலனுக்குள் ஓடும் ஏராளமான குழாய்கள் வழியாக முன்பக்கப் புகையறைக்குப் போகிறது. குழாய்களைச் சுற்றி நிற்கும் தண்ணீர் சூடேறி ஆவியாகிறது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 200 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடைபட்டிருக்கும்போது ஏறக்குறைய 200 டிகிரியில்தான் கொதிக்கும். ஆகவே கொதிகலன் முழுக்கச் சேமித்த சக்திதான். கொஞ்சம் ஆவியை எடுத்தால் அழுத்தம் இறங்கும்; உடனே இன்னும் கொஞ்சம் தண்ணீர் தானாகவே ஆவியாகி அந்த இடத்தை நிரப்பப் பார்க்கும். நெருப்பு மங்கினாலும் என்ஜின் சட்டென நிற்காமல் இருப்பது இதனால்தான். நெருப்பு கெட்டுப்போன சேதி உங்களுக்குத் தாமதமாக வந்துசேர்வதும் இதனால்தான்.

ஆவி சிலிண்டருக்குள் போய் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் தண்டுகள் வழியாகச் சக்கரத்தைச் சுற்றுகிறது. வேலை முடிந்த ஆவி வீணாக வெளியே விடப்படுவதில்லை. புகையறையில் இருக்கும் ஒரு குழாய் வழியாக அது புகைபோக்கியை நோக்கிப் பீறிடுகிறது. போகிற போக்கில் புகையறையின் வாயுவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழுவையில் உலைக்கு அடியிலிருந்து புதுக் காற்று உள்ளே பாய்ந்து நெருப்பு கொழுந்துவிடுகிறது. என்ஜின் கடுமையாக உழைத்தால் நெருப்பும் தானாகவே கடுமையாக எரியும். எந்தக் கட்டுப்பாட்டுக் கருவியும் இல்லாமல், தேவைக்கேற்ப உற்பத்தியைக் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு இது. நீராவி என்ஜினில் என்னைக் கேட்டால் இதைவிட அழகான விஷயம் வேறு இல்லை.

ஆனால் சிலிண்டருக்கு ஆவியை விடும் வால்வான ரெகுலேட்டரை மூடிய மறுநொடி இந்த இழுவை நின்றுவிடும். நிலையத்தில் நிற்கும்போது அழுத்தம் ஏறாமல் தவிப்பவர்கள் பெரும்பாலும் இதை மறந்தவர்கள்தான். அதற்குத்தான் புளோயர் என்று ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். கொதிகலனிலிருந்து கொஞ்சம் ஆவியை நேரடியாகப் புகைபோக்கிக்குள் விட்டு, ஓடாமலே அந்த இழுவையை உண்டாக்கும். ரெகுலேட்டரை மூடப்போகிறீர்களா? அதற்கு முன் புளோயரைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். நிஜ என்ஜினில் இது உயிர் காக்கும் பழக்கம்: சுரங்கத்துக்குள் இழுவை நின்றுபோனால் உலையின் தீ கதவு வழியே கேபினுக்குள் பாயக்கூடும்.

இரண்டு கைப்பிடிகள்

ஓட்டுவதற்கு முக்கியமாக இரண்டே கைப்பிடிகள். ரெகுலேட்டர், கொதிகலனிலிருந்து சிலிண்டருக்கு எவ்வளவு ஆவி போகலாம் என்று தீர்மானிக்கும் வால்வு. இதில் குழப்பமே இல்லை. புதியவர்கள் எல்லோரும் தடுமாறுவது இன்னொன்றில்: ரிவர்சர்.

பெயரைப் பார்த்து இது முன்னே போவதா பின்னே போவதா என்று முடிவு செய்யும் சுவிட்ச் என்று நினைத்து, முன்பக்கம் முழுக்கத் தள்ளிவிட்டுப் பிறகு அதைத் தொடுவதே இல்லை. திசையை மாற்றுவது அதன் பாதி வேலைதான். பிஸ்டனின் ஒவ்வொரு ஓட்டத்திலும் எவ்வளவு தூரம் வரை ஆவியை உள்ளே விடலாம் என்பதையும் ரிவர்சர்தான் முடிவு செய்கிறது. அந்த அளவுக்குக் கட்-ஆஃப் என்று பெயர். 75 சதவீதம் என்றால், பிஸ்டன் தன் ஓட்டத்தில் முக்கால் தூரம் போகும் வரை புது ஆவி பாய்ந்துகொண்டே இருக்கும். 25 சதவீதம் என்றால் கால் தூரத்திலேயே வால்வு மூடிக்கொள்ளும்; மீதி முக்கால் தூரத்துக்கு, ஏற்கெனவே உள்ளே அடைபட்ட ஆவி விரிந்து பிஸ்டனைத் தள்ளும்.

ஊஞ்சலைத் தள்ளுகிற மாதிரிதான். நகரத் தொடங்கும்வரை கூடவே நடந்து தள்ள வேண்டும். ஆடத் தொடங்கியபின் சரியான நேரத்தில் ஒரு சின்ன உந்துதல் போதும்.

கிளம்பும்போது கட்-ஆஃப் 75 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். வேகம் பிடிக்கப் பிடிக்க ரிவர்சரைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவை நோக்கி இழுத்துவாருங்கள். நல்ல வேகத்தில் ஓடும்போது 20, 30 சதவீதத்தில் வண்டி சுகமாகப் போகும். இழுக்காமல் விட்டால் இரண்டு கெடுதல். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆவி செலவாகும். கொதிகலன் ஈடுகொடுக்க முடியாமல் அழுத்தம் சரியும். அதோடு, இன்னும் சக்தி மிச்சமிருக்கும் ஆவி வெளியேற நேரம் கிடைக்காமல் சிலிண்டரில் தேங்கி, திரும்பி வரும் பிஸ்டனையே எதிர்த்துத் தள்ளும். "முழுக்கத் திறந்தும் வேகம் ஏறவில்லையே" என்ற புகாருக்குப் பத்தில் ஒன்பது முறை விடை இதுதான்.

ரெகுலேட்டரைத் தாராளமாகத் திறந்து கட்-ஆஃபைக் குறைத்து ஓட்டுவதா, ரெகுலேட்டரைக் குறுக்கி கட்-ஆஃபைக் கூட்டி ஓட்டுவதா என்று நிஜ டிரைவர்களே வாதாடியிருக்கிறார்கள். விளையாட்டில் முதல் வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரியும் தண்ணீரும் மிச்சமாவது கண்ணுக்கே தெரியும்.

கிளப்புவது

முதலில் கைப்பிரேக்குகளைப் பாருங்கள். என்ஜினில் மட்டும் இல்லை, இழுக்கப்போகும் ஒவ்வொரு வேகனிலும். அடுத்து சிலிண்டர் காக் எனப்படும் வடிகால் வால்வுகளைத் திறந்துவையுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது சிலிண்டருக்குள் போகும் ஆவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். ஆவியை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் அந்தத் தண்ணீரின் மேல் மோதினால் சிலிண்டர் மூடியே பெயர்ந்துபோகலாம். சில சுற்றுகள் ஓடி, பக்கவாட்டில் பீறிடுவது வெறும் ஆவியாகத் தெரிந்ததும் மூடிவிடலாம்.

இப்போது ரிவர்சர் முழுக்க முன்னே. பிரேக் விடுவிப்பு. ரெகுலேட்டரைத் துளி திறந்து, காத்திருங்கள். ஆவி குழாய்களை நிரப்பி சிலிண்டரை அடைய ஓரிரு நொடி ஆகும். அந்த ஓரிரு நொடியில் பொறுமையிழந்து இன்னும் திறப்பவர்களுக்குச் சக்கரம் வழுக்கும். பதறாத காரியம் சிதறாது என்பது என்ஜினுக்கும் பொருந்தும்.

வழுக்கினால் காதிலேயே தெரிந்துவிடும். இரண்டு சிலிண்டர் உள்ள சாதாரண என்ஜினில் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் புகைபோக்கியில் நான்கு முறை 'குப்' என்று சத்தம் வரும். நிதானமாக வந்த அந்தச் சத்தம் திடீரென்று படபடவென அடித்தால், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. ரெகுலேட்டரை உடனே மூடுங்கள், பிடிப்புக்காகத் தண்டவாளத்தில் மணல் விடுங்கள், மறுபடி மெதுவாகத் திறங்கள். சத்தத்தைக் கேட்டு ஓட்டப் பழகினால் பாதி அளவிகளைப் பார்க்கவே வேண்டியதில்லை. கட்-ஆஃபைக் குறைக்கும்போது அந்த 'குப்' மென்மையாவதும் கேட்கும்.

எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்தின் பிடிப்பு, இயக்கச் சக்கரங்கள் தாங்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு. 2-8-2 என்று எழுதியிருந்தால் முன்னே 2 சின்னச் சக்கரம், நடுவில் 8 இயக்கச் சக்கரம், பின்னே 2 என்று பொருள். அந்த நடு எட்டின் மேல் 80 டன் எடை இருந்தால், அதிகபட்சமாக 20 டன் இழுவிசை கிடைக்கும். அதற்குமேல் எவ்வளவு ஆவி கொடுத்தாலும் வழுக்கும். மெதுவாகப் போகும் வண்டிக்குச் சமதளத்தில் ஒரு டன்னுக்கு 2, 3 கிலோ விசை போதும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றம் வந்தால் டன்னுக்கு இன்னொரு 10 கிலோ கூடிவிடும். அந்தச் சின்ன ஏற்றம் கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் என்ஜினின் சுமை நான்கு, ஐந்து மடங்காகியிருக்கும். யார்டில் அலட்டாமல் கிளம்பிய வண்டி முதல் மேட்டிலேயே மூச்சடைத்து நிற்பதன் கணக்கு இது.

தண்ணீர்

நெருப்பில் தவறினால் வண்டி நிற்கும். தண்ணீரில் தவறினால் கொதிகலன் வெடிக்கும். அதனால் கேபினில் அடிக்கடி பார்க்க வேண்டியது நீர்மட்டக் கண்ணாடியைத்தான். அழுத்தமானி அதற்கு அடுத்துத்தான்.

உலையின் மேற்கூரை ஓர் உலோகத் தகடு. கீழே தீ, மேலே தண்ணீர். மேலே தண்ணீர் இருக்கும்வரை அந்தத் தகடு தாங்கும் வெப்பத்தில் இருக்கும். நீர்மட்டம் தகட்டுக்குக் கீழே இறங்கினால் அது பழுத்து மென்மையாகி, மேலிருக்கும் அழுத்தத்தில் உள்நோக்கி உடையும். அழுத்தம் விடுபட்ட நொடியில் 200 டிகிரி தண்ணீர் மொத்தமாக ஆவியாகப் பொங்கும். நிஜத்தில் பல ரயில்வேக்காரர்களின் உயிரைப் பறித்த விபத்து இது. பல என்ஜின்களில் ஒரு கடைசிப் பாதுகாப்பாக அந்தத் தகட்டில் ஈயம் போன்ற எளிதில் உருகும் உலோகத்தை அடைத்த முளை இருக்கும். தண்ணீர் இறங்கினால் அது உருகி, ஆவி உலைக்குள் பாய்ந்து எச்சரிக்கும்.

தண்ணீரை ஏற்றுவது இன்ஜெக்டர். 1858இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி ஜிஃபார் உருவாக்கியது. பிஸ்டனோ சுழலும் பகுதியோ இல்லாமல், கொதிகலனின் ஆவியையே ஒரு கூம்புக் குழாயில் வேகமாகப் பாய்ச்சி, அந்த வேகத்தில் தண்ணீரையும் இழுத்து, அதே கொதிகலனின் அழுத்தத்தை எதிர்த்து உள்ளே தள்ளிவிடும். முதலில் கேட்கும்போது ஏமாற்று வேலை மாதிரிதான் இருக்கும். வெப்பத்தில் இருக்கும் சக்தியை வேகமாக மாற்றிக்கொள்வதால் நடக்கிறது.

இன்ஜெக்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொண்டுவருவதால் அழுத்தம் இறங்கும். ஏற்றத்தின் நடுவில், அழுத்தம் ஏற்கெனவே தவிக்கும்போது திறந்தால் வண்டியே நின்றுவிடலாம். அழுத்தம் உச்சத்தை நெருங்கி, மிஞ்சிய ஆவியை வெளியே விடும் சேஃப்டி வால்வு சீறப்போகும் தருணம்தான் தண்ணீர் ஏற்ற நல்ல நேரம். வீணாக வெளியே போகவிருந்த வெப்பத்தைத் தண்ணீரில் சேமித்துவைத்தது போலாகும். சேஃப்டி வால்வு அடிக்கடி திறந்தால், கரியைக் காற்றில் விடுகிறீர்கள் என்று பொருள்.

இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. பலருக்கு இது அடிபட்டுத்தான் தெரியவரும். புகைபோக்கி முன்னால் இருக்க ஏற்றம் ஏறும்போது தண்ணீர் பின்பக்கம் சாயும். நீர்மட்டக் கண்ணாடியும் உலையும் பின்பக்கம்தான் இருக்கின்றன. கண்ணாடி நிறையத் தண்ணீர் காட்டும், நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள். உச்சியைத் தாண்டி இறக்கத்தில் கால்வைத்ததும் தண்ணீர் முன்பக்கம் ஓடும். அதே நேரம் ரெகுலேட்டரையும் மூடியிருப்பீர்கள். கொதிப்பு அடங்குவதாலும் மட்டம் இறங்கும். ஒரே நிமிடத்தில் கண்ணாடி காலியானது மாதிரித் தெரியும். எனவே உச்சி வருவதற்கு முன்பே போதுமான தண்ணீர் இருக்க வேண்டும். அதற்கு முன்பே அதைச் சூடாக்கும் நெருப்பு இருக்க வேண்டும். பாதையின் வரைபடத்தை முன்கூட்டிப் பார்த்துவைப்பது நீராவியில் ஆடம்பரம் இல்லை.

அதற்காக விளிம்புவரை நிரப்பவும் கூடாது. மட்டம் மிக உயர்ந்தால் ஆவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குப் போய்விடும். பாதிக்கும் முக்காலுக்கும் நடுவில் வைத்திருப்பது போதும்.

நெருப்பு

ஒரேயடியாகக் கரியைக் கொட்டாதீர்கள். புதுக் கரி பற்றும்வரை உலையைக் குளிர்விக்கும். கனமாகக் குவிந்தால் காற்றும் புகாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. கதவைத் திறந்தே வைத்தால் குளிர்ந்த காற்று உள்ளே போய் குழாய்களின் வெப்பம் இறங்கும், அழுத்தமும் சரியும். கீழிருந்து வரும் காற்றைக் கட்டுப்படுத்துவது டாம்பர். ஓடும்போது திறந்தும், நீண்ட நேரம் நிற்கும்போது குறைத்தும் வையுங்கள். புகை கன்னங்கரேலென்று வந்தால் கரி அதிகம் அல்லது காற்று குறைவு. மெல்லிய சாம்பல் நிறம் நல்ல அடையாளம். புகையே இல்லாவிட்டால் உலையைத் திறந்து பாருங்கள், நெருப்பு மெலிந்துகொண்டிருக்கலாம்.

இறக்கமோ நிறுத்தமோ வருகிறதென்றால் அதற்குச் சில நிமிடங்கள் முன்பே கரி போடுவதை நிறுத்திவிட வேண்டும். இதைச் சரியாகச் செய்யப் பழகியதும்தான் விளையாட்டு உண்மையில் பிடிபட ஆரம்பிக்கும்.

நிறுத்துவது

காற்றுப் பிரேக்கில், வண்டி நெடுக ஓடும் குழாயின் காற்றழுத்தத்தைக் குறைத்தால்தான் பிரேக் பிடிக்கும். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1870களில் கொண்டுவந்த ஏற்பாடு இது. வண்டி நடுவில் அறுந்துபோனாலும் குழாய் திறந்துகொண்டு பிரேக் தானாகப் பிடிக்கும். இதன் விலை, மறுபடி காற்று நிரம்ப நேரம் எடுப்பது. பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு என்று விளையாடினால் வேகன்களில் சேமித்த காற்று தீர்ந்து, இறக்கத்தின் நடுவில் பிரேக்கே இல்லாமல் நிற்பீர்கள். நிற்க மாட்டீர்கள், அதுதான் பிரச்சினை. மெல்லியதாக ஒருமுறை பிடித்து, அப்படியே வைத்திருந்து இறங்குங்கள். பழைய பிரிட்டிஷ் என்ஜின்களில் காற்றுக்குப் பதில் வெற்றிடப் பிரேக் இருக்கும். அங்கே குழாய்க்குள் காற்றை விட்டால்தான் பிரேக் பிடிக்கும், அவ்வளவே.

எதில் தொடங்குவது

விளையாட்டுகளில் எனக்குத் தெளிவான சாய்வு உண்டு. முழு என்ஜினையும் கையால் ஆள வேண்டுமென்றால் டிரெயில் வேலி. 2019இல் முன்னோட்டமாக வந்தது. 2-8-2 வகை எஸ்282 என்ற அதன் பெரிய என்ஜினில் கரி அள்ளுவது முதல் இன்ஜெக்டர் வரை எல்லாம் உங்கள் வேலை, தண்ணீரைக் கவனிக்காவிட்டால் கொதிகலன் வெடிக்கும். முதல் நாளே அதில் ஏறுவது துணிச்சல். அதில் இருக்கும் சின்ன எஸ்060 என்ஜினில் பழகிக்கொள்வது நல்லது.

ரெயில்ரோட்ஸ் ஆன்லைன், 2021இல் வந்தது, வேறு மாதிரி. குறுகிய பாதை, சின்ன என்ஜின்கள், தண்டவாளத்தையும் நீங்களே போட வேண்டும். மரத்தடியை ஆலைக்குக் கொண்டுபோய்ச் சம்பாதிக்க வேண்டும். நண்பர்களோடு சேர்ந்து விளையாடினால்தான் களைகட்டும். தண்டவாளத்தைச் செங்குத்தாகப் போட்டுவிட்டு, பிறகு ஏன் ஏறவில்லை என்று யோசிப்பவர்கள் மேலே சொன்ன 10 கிலோ கணக்கை நினைத்துக்கொள்ளலாம். ரெயில்ரோடர் 2023இன் கடைசியில் வந்தது. அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியைப் பின்னணியாகக் கொண்டது. சரக்கு ஒழுங்குபடுத்துவதும், வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் ஷன்டிங்கும்தான் அதன் மையம். என்ஜினைக் கணினி ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிடவும் முடியும். டிரெயின் சிம் வேர்ல்டில் லிவர்பூலிலிருந்து குரூ வரையிலான பாதையில் ஜூபிலி, 8எஃப் என்ஜின்கள் உண்டு. தோற்றத்துக்கும் சத்தத்துக்கும் அது.

காசு செலவழிக்காமல் பார்க்க நினைத்தால் ஓப்பன் ரெயில்ஸ் இருக்கிறது. 2001இல் வந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டருக்காக உருவான பாதைகளும் என்ஜின்களும் அதில் ஓடும். இதில் நெருப்பையும் தண்ணீரையும் கவனிக்கும் ஃபயர்மேன் வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும்படி வைக்கலாம், அதையே பரிந்துரைப்பேன். முதலில் ரெகுலேட்டரும் ரிவர்சரும் மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். கட்-ஆஃப் பிடிபட்ட பிறகு தண்ணீரைக் கையில் எடுங்கள், கடைசியாக நெருப்பை. மூன்றையும் ஒரே நேரத்தில் எடுப்பவர்கள்தான் ஒரே மாலையில் விளையாட்டை அழித்துவிடுகிறார்கள்.

முதல் பயிற்சிக்கு வேகன் எதுவும் வேண்டாம். சமதளமான யார்டில் என்ஜினை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். குறித்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பிறகு இரண்டு காலி வேகன். விட்டுவிட்டு எழுந்து போகும்போது ரெகுலேட்டர் மூடி, ரிவர்சர் நடுவில், கைப்பிரேக் இறுக்கி, சிலிண்டர் காக் திறந்து, கண்ணாடியில் முக்கால் தண்ணீர். விளையாட்டை இடைநிறுத்தாமல் போகிறீர்கள் என்றால் டாம்பரையும் மூடிவிட்டுப் போங்கள்.